முப்பதாயிரம் மாடுகளும் சில செல்லாக்காசுகளும்

முதல் நாள், எடின்பரோ

முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பேரேடு புரட்டியவனுக்குக் கோட்டை, அரண்மனை எல்லாம் இரண்டு நாளில் சலித்துவிடும். மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “அப்பா, இந்த ஊர்லயும் உங்க ஆபீஸ் மாதிரி ஒண்ணு இருக்கு. போறீங்களா?” என்றாள்.

போவதற்கு ஒரு காரியமும் தானாக அமைந்தது. பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். நேற்று டீ குடிக்கக் கூப்பிட்டார். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டவர், பதில் சொன்னதும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் பெர்த்ஷயரில் ஒரு பங்கில் நெசவாளியாம். 1780களில் பிறந்திருக்க வேண்டுமாம். தாளில் இருந்த ஊர்ப் பெயரை நான் ‘மட்ஹில்’ என்று வாசித்தேன். “மியூத்தில்” என்று திருத்தினார். “எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. நீங்கள் போய்ப் பார்த்து, அவர் எப்படிப்பட்டவர் என்று வந்து சொல்லுங்கள்” என்றார்.

பங்கு என்று எழுதுகிறேன். நெல்லைப் பக்கத்துக்காரர்கள் சேகரம் என்று வாசித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே அது கோயிலின் எல்லை மட்டுமில்லை. பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு உதவிப்பணம், ஊர் ஒழுக்கம் எல்லாமே ஒரு காலத்தில் பங்கின் பொறுப்பு. பஞ்சாயத்து, தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் மூன்றையும் கோயிலோடு சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி.

ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ், பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையில், குதிரைமேல் இருக்கும் வெலிங்டன் சிலைக்குப் பின்னால் நிற்கிறது. ராபர்ட் ஆடம் வரைந்த கட்டடம். அஸ்திவாரம் போட்டது 1774-இல். ஆவணம் வைப்பதற்கென்றே கட்டினார்களாம். நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் மழைக்காலத்தில் பேரேடுகளின் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். உள்ளே போய் வட்ட மண்டபத்தை அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

நாள் கட்டணம் கட்டிவிட்டு ஒரு கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசாங்கம் கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1-இல். அதற்கு முன்னால் எல்லாம் கோயில் ஏடுதான். இருப்பதிலேயே பழையது எரல் பங்கின் ஏடு, 1553-இல் தொடங்குகிறது. அதுவும் பெர்த்ஷயர்தான்.

1855-இல் அவர்களுக்கு ஒரு ஆர்வக்கோளாறு. முதல் வருடப் பிறப்புப் படிவத்தில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், எங்கே எப்போது கல்யாணம் ஆனது, இதற்கு முன் எத்தனை பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். பதிவாளர்களுக்குக் கை ஓய்ந்துபோனது. அடுத்த வருடமே பாதியை எடுத்துவிட்டார்கள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். மேலிடத்திலிருந்து புதுப் படிவம் வந்து இறங்கும் நாள் எப்படி இருக்கும் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

நம் நெசவாளி அந்தப் பொற்காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே கோயில் ஏடு. அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. அவர் பெயரில், அதே பங்கில், அதே காலத்தில் நான்கு பேர். காரணம் பெயர் வைக்கும் வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். அண்ணன் தம்பி நான்கு பேருக்கும் மூத்த மகன் பிறந்தால், ஊரில் ஒரே பெயரில் நான்கு பெரியப்பா சித்தப்பா மக்கள். நமக்கு இது புதிதா என்ன? பெயரன்தானே பேரன் ஆனான். ஆனால் சொந்தபந்தமாகப் பார்க்கும்போது இனிக்கிற வழக்கம், தேடல் எழுத்தராக உட்கார்ந்தால் கண்ணைக் கட்டுகிறது.

நல்லவேளை, ஸ்காட்லாந்து ஏடுகளில் மனைவியைப் பிறந்த வீட்டுப் பெயரோடே எழுதுகிறார்கள். கல்யாணம் ஆனாலும் அந்தப் பெயர் அழிவதில்லை, கல்லறைக் கல்லிலும் அதுதான். அதை வைத்து மூன்று பேரைக் கழித்தேன்.

மாலை நான்கு மணி வரை உட்கார்ந்து கிடைத்தவை மூன்று வரிகள். 1811-இல் திருமண அறிவிப்பு. அப்புறம் இரண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானம். அவ்வளவுதான். அவருடைய ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டிருந்தார்கள், பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. ஏழை என்று ஒத்துக்கொள்ளவும் மனமில்லாமல், மூன்று பென்ஸ் கொடுக்கவும் மனமில்லாமல், நிறையப் பேர் பதியாமலே விட்டுவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஏடுகள் மெலிந்துகிடக்கின்றன.

இறந்த நாளும் இல்லை. அடக்கத்துக்குத் தனி ஏடு பல பங்குகளில் கிடையாது. சவப்பெட்டிமேல் போர்த்தக் கோயிலுக்குச் சொந்தமான ஒரு கறுப்பு வெல்வெட் துணி இருக்கும், வாடகைக்கு விடுவார்கள். அந்த வாடகை வரவு வைத்த கணக்கைப் பார்த்துத்தான் இன்னார் இன்ன வாரம் செத்தார் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். துணி வாடகைக்கு எடுக்க முடியாதவர்?

இரண்டாம் நாள், கிரீஃப்

பெர்த் வரை ரயில். அங்கிருந்து பஸ். முதல் பஸ் என் கண் முன்னாலேயே புறப்பட்டுப் போனது. வேறு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்தது வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து போனில் சர் ஜான் சின்க்ளேரின் வேலையைப் படித்தேன்.

1790-இல் இந்த மனிதர் ஸ்காட்லாந்தின் எல்லாப் பங்குப் போதகர்களுக்கும் நூற்று அறுபதுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை அனுப்பினார். ஊரின் மண் எப்படி, ஜனத்தொகை எத்தனை, கோழிமுட்டை என்ன விலை, கூலி என்ன, ஏழைகள் எத்தனை பேர், ஜனங்களின் குணம் எப்படி என்று. 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தது. 938 பங்குகள். எல்லாப் போதகரும் உடனே பதில் போட்டார்களா என்றால் இல்லை, பலரைத் துரத்தித் துரத்தி வாங்க வேண்டியிருந்தது. சிலருக்குப் பதிலாக ஆள் அனுப்பி எழுதவைத்தார். ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற ஜெர்மன் சொல்லை ஆங்கிலத்தில் புழங்கவைத்தவர் இவர்தான். ஜெர்மனியில் அது அரசின் பலத்தை அளக்கும் சொல். சின்க்ளேரோ ஜனங்கள் அனுபவிக்கும் சந்தோஷத்தின் அளவைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த விசாரணை என்று எழுதினார். சந்தோஷத்தை அளக்க முட்டை விலையைக் கேட்ட மனிதர். எனக்குப் பிடித்துவிட்டது.

கிரீஃப் ஒரு சரிவில் உட்கார்ந்திருக்கும் ஊர். கீழே எர்ன் ஆறு. வடக்கே மலைகள் சட்டென்று எழும்புகின்றன. மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் வாசற்படி இது. அதனால்தான் இங்கே சந்தை. 1964-இல் ரயிலும் நின்றுபோன சிற்றூர், இன்றைக்கு ஜேம்ஸ் சதுக்கத்தில் ஒரு நீரூற்று, சில டீக்கடைகள், வெயில் காயும் தாத்தாக்கள். இங்கேயா அது நடந்தது என்று இரண்டு முறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டிரிஸ்ட் என்பார்கள். ‘இன்ன நாளில் இன்ன இடத்தில் சந்திப்போம்’ என்று பேசிவைத்துக்கொள்ளும் வாக்குதான் அதன் பொருள். மிக்கேல் சம்மனசின் திருநாளை ஒட்டி வருடாவருடம் கூடும் மாட்டுச்சந்தை. 1707-இல் இங்கிலாந்தோடு ஒரே நாடானதும் தெற்கே போகிற மாட்டுக்குச் சுங்கத் தடை போயிற்று, சந்தை வீங்கியது. 1723-இல் வந்து பார்த்த ஒரு பயணி, முப்பதாயிரம் மாடுகள் இங்கிலாந்து வியாபாரிகளுக்குக் கைமாறின, விலை முப்பதாயிரம் கினி, அதாவது அந்தக் காலத்துத் தங்கக்காசு, என்று எழுதிவைத்திருக்கிறார். தலைக்கு ஒரு கினி. எண்ணிப் பார்த்திருப்பாரா, காற்றில் விட்டிருப்பாரா? உருண்டையான எண்ணைக் கண்டால் எனக்குத் தொழில் புத்தியில் சந்தேகம் வரும். பாதியென்று வைத்தாலும் இந்தச் சரிவு முழுக்க மாடுதான்.

அந்த மாடுகள் வந்த கதையை நினைத்துக்கொண்டே ஊருக்கு மேலே கொஞ்சதூரம் ஏறினேன். ஸ்கை தீவிலிருந்து கடல் இடுக்கை நீந்தி வந்தவை உண்டு. ஒன்றின் வாலில் அடுத்ததின் தாடையைக் கயிற்றால் கட்டி, முதல் மாட்டைப் படகோடு பிணைத்து இழுத்துவருவார்கள். கரையேறியதும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். அதற்கு மேல் நடத்தினால் கறி வற்றிவிடும். ஓட்டிகளுக்கு ஓட்ஸ் மாவு, வெங்காயம், கொஞ்சம் விஸ்கி. படுக்கை வெட்டவெளியில், கம்பளிப் போர்வைக்குள். ஸ்மா க்ளென் என்ற குறுகிய கணவாய் வழியாக இறங்கி கிரீஃபுக்கு வந்து, விற்று, வாங்கியவர்களோடு இன்னும் தெற்கே. இங்கிலாந்தின் கெட்டிச் சாலைக்கு லாடம் வேண்டும். மாட்டுக்குக் குளம்பு பிளந்தது என்பதால் காலுக்கு இரண்டு தகடு. நம் ஊரில் வண்டிமாட்டைச் சாய்த்து லாடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1770 வாக்கில் சந்தை தெற்கே ஃபால்கிர்க்குக்குப் போய்விட்டது. வாங்குகிறவர்களுக்கு அது பக்கம், எல்லாத் திசை வழிகளும் அங்கே கூடின. கிரீஃபுக்கு மிஞ்சியது பேர்தான்.

நான் தேடியது அந்த முப்பதாயிரம் மாடுகளின் பேரேட்டை. யார் விற்றார், யார் வாங்கினார், என்ன அடையாளம், என்ன விலை. அப்படி ஒன்று வரிசையாக எழுதிவைக்கப்படவில்லை. சந்தையில் பேச்சுதான் பத்திரம். பயணிகள் எழுதிய குறிப்பு, சில வியாபாரிகளின் கணக்கு, கடிதம், அவ்வளவுதான். ஊரையே நிறைத்த கூட்டம் காகிதத்தில் காலடி வைக்காமல் போய்விட்டது.

ஊருக்கு வெளியே க்ளென்டரட் விஸ்கி ஆலையில் ஒரு பூனைக்குச் சிலை இருக்கிறது. டௌசர் என்று பெயர், 1963 முதல் 1987 வரை வாழ்ந்து 28,899 எலி பிடித்ததாகக் கின்னஸ் சாதனை. சில நாள் எண்ணிப் பார்த்துவிட்டு வாழ்நாளால் பெருக்கினார்களாம். முப்பதாயிரம் மாட்டுக்கு இல்லாத துல்லியம் எலிக்கு இருக்கிறது.

மூன்றாம் நாள், மியூத்தில்

கிரீஃபிலிருந்து தெற்கே மூன்று மைல். தூறலில் நடந்தேன். இங்கே குடை பிடித்தால் காற்று திருப்பிவிடுகிறது, அதனால் எல்லோரும் நனைந்துகொண்டே பேசாமல் போகிறார்கள். நானும்.

பழைய கோயிலின் கோபுரம் ஊருக்கு முன்னாலேயே தெரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோபுரம், சதுரமாக, சுமார் எழுபது அடி. உச்சியில் இருபக்கம் சரிந்த கூரை. அதைச் சுற்றிப் பதினைந்தாம் நூற்றாண்டில் டன்பிளேன் பிஷப் மைக்கேல் ஓக்கில்ட்ரீ கட்டிய கோயில் இப்போது கூரையில்லாமல் நிற்கிறது. 1820களில் பக்கத்தில் புதுக் கோயில் கட்டியதும் இதைக் கைவிட்டார்கள். உள்ளே புல். இருமருங்கும் கூர்வளைவுகள். ஒரு மூலையில் வீரனும் மனைவியும் அருகருகே படுத்திருக்கும் கற்சிலை, மழை நக்கி நக்கி முகம் வெறும் உருண்டையாகிவிட்டது. கோபுரத்தின் அடிச்சுவரில் உள்ளங்கையை வைத்தேன். கல் சில்லென்று இல்லை, ஈரமாக, கொஞ்சம் மணல்மணலாக ஒட்டியது.

கல்லறைகளுக்கு நடுவில் வரிசையாகப் போனேன். இந்தப் பக்கத்துப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்களில் தொழிலைச் செதுக்கிவைப்பார்கள். கொல்லனுக்குச் சுத்தியும் கிரீடமும், நெசவாளிக்கு நாடா. நம் ஆளுக்குக் கல் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

கோயில் முற்றத்தில் சந்தை கூட்டக்கூடாது என்று 1503-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. சட்டம் போடுகிறார்கள் என்றால் அதுவரை கூட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? ஞாயிறு பூசைக்குக் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கடை வரும். சாமி கும்பிட்ட கையோடு கருவாடு வாங்குவது எல்லா ஊர் வழக்கம். 1560-இல் மதச் சீர்திருத்தம் வந்து புனிதர்களின் திருநாட்களைக் கோயில் தூக்கி எறிந்தது. சந்தைகளோ பழைய புனிதர் பெயரையே வைத்துக்கொண்டன. போதகர் மிக்கேலை மறக்கச் சொன்னார், மாட்டுக்காரர் மறக்கவில்லை. பண்ணையாட்களை வேலைக்கு அமர்த்தும் சந்தை நடந்ததும் அப்படிப்பட்ட நாட்களை ஒட்டித்தான். மே 15-ஐயும் நவம்பர் 11, மார்ட்டின் திருநாளையும் கணக்கு வைத்து ஆறு மாத ஒப்பந்தம். கையில் ஒரு ஷில்லிங் அச்சாரம் விழுந்தால் பேச்சு முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பண்ணை என்று ஊர் மாறியதால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாலு பங்கில் ஞானஸ்நானம் நடந்திருக்கும். என் நெசவாளி தறியோடு ஒரே இடத்தில் கிடந்ததால்தான் இரண்டு பிள்ளைகளாவது அகப்பட்டார்கள்.

மியூத்திலுக்கு இன்னொரு சிக்கல், இரண்டு ஏடு. 1690-இல் ஸ்காட்லாந்துக் கோயில் பிஷப் வேண்டாம், மூப்பர்கள் போதும் என்று முடிவானது. இங்கே பக்கத்து டிரம்மண்ட் கோட்டையின் செல்வாக்கில் இருந்தவர்கள் பலர் பிஷப்பையும், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்து மன்னர்களையும் விடவில்லை. அவர்கள் சபைக்குத் தனியாக ஞானஸ்நான ஏடு, 1697 முதல் 1847 வரை. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக் குழந்தைகள் வெவ்வேறு ஏட்டில்.

இந்தத் தெருவில் உள்ள வீடுகள் எதுவும் 1716-க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. முந்தின நவம்பரில் ஷெரிஃப்மூர் சண்டை. ஸ்டூவர்ட் படை பின்வாங்கியது. துரத்திவரும் அரசுப் படைக்குத் தங்க இடமும் தீனியும் கிடைக்கக்கூடாது என்று, 1716 ஜனவரியில், கடும் பனிக்காலத்தில், ஆக்டெரார்டர், பிளாக்ஃபோர்ட், டன்னிங், கிரீஃப், மியூத்தில் ஊர்களைக் கொளுத்தினார்கள். கொளுத்தச் சொன்ன ஆணை, அரியணை கேட்டுவந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் கையெழுத்தில். தன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மக்களின் ஊரையும் சேர்த்துத்தான். சில நாளில் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறும்போது, வீடிழந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் கொஞ்சம் பணமும் விட்டுப்போனார். வைக்கோல் கூரை எரிவதற்கு எவ்வளவு நேரமாகும்?

இரவு. தங்கிய வீட்டில் கணப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு செஷன் ஏடுகளைத் திறந்தேன். 2021-இல் இவற்றின் பல லட்சம் பக்கங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க விட்டுவிட்டார்கள். கிர்க் செஷன் என்பது போதகரும் மூப்பர்களும் கூடும் கோயில் பஞ்சாயத்து. இந்தப் பள்ளத்தாக்குப் பங்குகள் சிலவற்றை மாற்றி மாற்றிப் புரட்டினேன். முதல் ஒரு மணிநேரம் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. ‘வ’ ஒலிக்குப் பழைய ஸ்காட்டிஷ் எழுத்தர்கள் க்யூ, யு, எச் மூன்றையும் சேர்த்துப் போடுகிறார்கள். அப்புறம் நடை பழகியது. ஏனென்றால் அது என்னுடைய நடை. மேற்படியார் ஆஜரானார், விசாரிக்கப்பட்டார், ஒப்புக்கொண்டார், அடுத்த வாய்தாவுக்கு வரச் சொல்லப்பட்டது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்த எழுத்தர் எதிரே வந்தால் அரை நாளில் வேலை கைமாற்றிக்கொள்ளலாம்.

என்ன வழக்கெல்லாம்? கல்யாணத்துக்கு முன் பிள்ளை. குடித்துவிட்டு அண்டை வீட்டுக்காரியை ஏசியது. ஓய்வுநாளில் மீன் பிடித்தது, துணி காயப்போட்டது, மாடு ஓட்டியது. ஆம், மாடு. ஞாயிற்றுக்கிழமை மாட்டை ஓட்டிக்கொண்டு கோயில் எல்லைக்குள் போனால் பிடித்துவிடுவார்கள். நேற்று ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத சந்தை, இங்கே அபராதமாக வந்து நிற்கிறது. தண்டனை என்றால் சபை முன்னால் குற்றவாளி முக்காலியில் மூன்று ஞாயிறு உட்கார வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் கல்யாண அறிவிப்புக்கு வரும் ஜோடி பணம் டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது. ஒன்பது மாதம் நிறையாமல் குழந்தை பிறந்தால் டெபாசிட் ஏழைகள் நிதிக்குப் போய்விடும். மூப்பர்கள் விரல் விட்டு எண்ணியிருப்பார்கள்.

அபராதமும் காணிக்கையும் ஒரு பெட்டியில். அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. செலவுக் கணக்கைப் படித்துக்கொண்டே போனால் கண்ணில் நீர் வருகிறது, சிரிப்பும் வருகிறது. கண் தெரியாத கிழவிக்கு இவ்வளவு, அனாதைப் பையனுக்கு ஒரு ஜோடி செருப்பு, வழிப்போக்கனுக்கு இவ்வளவு. வருடத்தில் ஒருமுறை பெட்டியைக் கொட்டி எண்ணும்போது செல்லாக்காசுகளைத் தனியே பிரிப்பார்கள். தேய்ந்த செம்பு, டச்சுக்காரர்களின் டாயிட் காசு. பக்திமான்கள் தட்டில் போட்டவைதான். அதையும் வீணாக்காமல் எடைக்கு விற்று, வந்த பணத்தை வரவு வைத்திருக்கிறார்கள்.

என் நெசவாளி பெயர் எங்கேயும் வரவில்லை. அவர் பெயருள்ள இன்னொருவர் குடித்துவிட்டுச் சண்டை போட்டிருக்கிறார், ஆனால் மனைவி பெயர் பொருந்தவில்லை. பன்னிரண்டரைக்குப் போனை அணைத்தேன்.

நான்காம் நாள், இன்னர்பெஃப்ரி

மழை விட்டது. கிரீஃபிலிருந்து நான்கு மைல் கிழக்கே, ஆற்றங்கரையில், வயல்களுக்கு நடுவில் ஒரு சிற்றாலயமும் ஒரு மாடி வீடும். ஆலயம் 1508 வாக்கில் கட்டியது. 1680-இல் மூன்றாம் மேடர்ட்டி பிரபு டேவிட் டிரம்மண்ட் தன் உயிலில், தான் சேர்த்த புத்தகங்களை ஊருக்குப் பொதுவாக விட்டுப்போகிறார், அதோடு ஒரு பள்ளிக்கூடமும். சுமார் நானூறு புத்தகங்கள் அந்த ஆலயத்தின் மாடியறையில் இருந்தன. ஸ்காட்லாந்தில் காசு வாங்காமல் புத்தகம் இரவல் கொடுத்த முதல் பொது நூலகம் இது. பின்னால் அவர் வம்சத்தில் வந்து யார்க் பேராயர் ஆன ராபர்ட் ஹே டிரம்மண்ட், 1762-இல் பக்கத்திலேயே இந்தக் கட்டடத்தை எழுப்பி மாடிக்கு மாற்றினார். யாருக்கு இரவல்? பிரபுக்களுக்கா? அதற்குத்தான் வந்தேன்.

மாடி அறை முழுக்க மேற்கு வெளிச்சம். தோல் அட்டைகளின் வாசம், கொஞ்சம் பழைய செருப்புக்கடை மாதிரி. கண்ணாடிப் பெட்டியில், பதினேழாம் நூற்றாண்டுப் படைத்தலைவர் மான்ட்ரோஸ் பிரபு வைத்திருந்த சின்னப் பிரெஞ்சு பைபிள், உள்ளங்கையில் அடங்கும். மேடர்ட்டி பிரபுவின் மனைவி மான்ட்ரோஸின் தங்கை. எல்லோரும் அதைத்தான் குனிந்து பார்த்தார்கள். எனக்கு வேண்டியது இரவல் பதிவேடு.

1747-இல் தொடங்கி 1968 வரை வரிகள் இருக்கின்றன. பொறுப்பிலிருந்த அம்மையார் பக்கங்களைக் காட்டினார். நான் பார்த்த பழைய வரிகள் நூலகர் எழுதியவை அல்ல. எடுத்துப்போகிறவரே எழுதியிருக்கிறார். இன்ன ஊர், இன்ன தொழில், இன்னார் ஆகிய நான், இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன், திருப்பித் தருவேன். அச்சு அசலாகப் புரோநோட்டு. தொழிலைப் பாருங்கள். நெசவாளி. கல்தச்சன். தையல்காரர். சாயம் போடுகிறவரிடம் வேலை கற்கும் பையன். மாவுமில்காரர். பண்ணை வேலைக்காரன். எடுத்தவை பிரசங்கம், சரித்திரம், பயணம், விவசாயம். 1750-இல் ஒரு பண்ணை வேலைக்காரன் ஆறேழு மைல் நடந்துவந்து, ஒரு கனத்த சரித்திரப் புத்தகத்தைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு திரும்ப நடந்திருக்கிறான்.

ஒரு கையெழுத்து என்னை நிறுத்தியது. எழுதிப் பழகாத கை. பேனா மைக்கூட்டில் அதிகம் முங்கி முதல் எழுத்து கொழகொழவென்று ஊறியிருக்கிறது. மூன்றாவது சொல்லுக்குப் போவதற்குள் மை தீர்ந்து வெளிறிவிட்டது. மறுபடி தொட்டு, விட்ட இடத்திலேயே ஒரு கீற்று இரட்டிப்பாக விழுந்திருக்கிறது. வரி போகப்போக மேலே ஏறி, கடைசியில் இடம் போதாமல் பெயரின் பின்பாதி நெருங்கிவிட்டது. கைநாட்டு வைக்கத் தயாராக வந்து, “இல்ல சார், கையெழுத்தே போடறேன்” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதுகிற ஆட்களை நான் வாரம் நாலு பேராவது பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து அவசரப்படுத்தாமல் இருப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

செஷன் ஏட்டில் ஊர்க்காரனைப் பற்றி எழுத்தர் எழுதுகிறார். இங்கே ஊர்க்காரனே எழுதுகிறான்.

1811-ஐச் சுற்றியுள்ள வருடங்களைத் தேடச் சொன்னேன். அம்மையார் பொறுமையாகத் தேடினார். நெசவாளிகள் இருந்தார்கள், நம் நெசவாளி இல்லை. மியூத்திலில் இருந்து இங்கே வர ஆற்றைக் கடக்க வேண்டும். தறியில் பதினாலு மணிநேரம் உட்கார்ந்தவன் வரவில்லை என்றால் அவனைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனாலும் மனம் சோர்ந்துபோனது, ஏதோ என் சொந்தக்காரன் பரீட்சைக்குப் போகாமல் விட்ட மாதிரி.

ஐந்தாம் நாள், டன்னிங், பிறகு வீடு

சனிக்கிழமை என்பதால் மாப்பிள்ளை காரில் வந்துவிட்டார். “மாமா, திரும்பும் வழியில் ஒரு சூனியக்காரி நினைவுச்சின்னம் இருக்கிறது” என்றார்.

முதலில் டன்னிங் ஊருக்குள். செர்ஃப் புனிதர் கோயிலில் டப்ளின் சிலுவை, இந்த மண்ணின் பழங்குடிகளான பிக்டுகள் செதுக்கிய சுமார் 1,200 வருடம் பழைய கல், ஆளைவிட உயரம். ஃபெர்கஸ் மகன் கான்ஸ்டன்டைன் என்ற அரசனின் பெயர் அதில் லத்தீனில் இருக்கிறது. தெருவில் ஒரு முள்மரம். 1716 தீயின் நினைவாக நட்டது காற்றில் விழுந்து, அதன் இடத்தில் வைத்த மரம்.

ஊருக்கு மேற்கே ஒரு மைல். சாலையோரம் முரட்டுக் கற்களைக் குவித்து, உச்சியில் ஒரு சிலுவை, மொத்தம் இருபது அடி இருக்கும். வெள்ளைப் பெயிண்டில் எழுத்து: மேகி வால், 1657, சூனியக்காரி என்று இங்கே எரிக்கப்பட்டாள். அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் சூனியத்துக்கு எதிரான சட்டம் 1563 முதல் 1736 வரை இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தார் ஏடு ஏடாகத் தேடி, குற்றம் சாட்டப்பட்ட 3,837 பேரைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்தக் கேஸ்கள் பலவற்றுக்குத் தொடக்கம் நான் முந்தாநாள் சிரித்துக்கொண்டே படித்தேனே, அதே செஷன்தான். இப்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்துகிறது. அந்த 3,837 பேரில் பலருக்கு ஒரு கல்கூட இல்லை. மேகி வாலுக்கு இருபது அடி கல் இருக்கிறது, ஆனால் அவளை விசாரித்ததாக, எரித்ததாக ஒரு தாளும் இதுவரை அகப்படவில்லை. அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதே சந்தேகம்.

கல் இடுக்குகளில் ஆட்கள் வைத்துப்போன சில்லறைக் காசுகள், சிப்பிகள், வாடிய பூ. மாப்பிள்ளை பையைத் துழாவி ஒரு பென்னி எடுத்தார். நான் துழாவியதில் வந்தது நம் ஊர் ஒரு ரூபாய். வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனேன். மூன்று வரிகளின் நகலையும், மியூத்தில் கோபுரத்தின் படத்தையும் மேசைமேல் பரப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டனாரின் பாட்டி பிறந்த வீட்டுப் பெயரை விரலால் தொட்டு இரண்டு முறை வாசித்தார். அது அவருக்குத் தெரியாமலிருந்தது. பிறகு செஷன் ஏடு என்றால் என்ன, அதில் யாரெல்லாம் வருவார்கள் என்று விளக்கினேன். முக்காலி, அபராதம், ஓய்வுநாள் மாடு, குடித்துவிட்டு ஏசியவர்கள். நன்றாகச் சிரித்தார்.

“எங்கள் ஆள் வருகிறாரா?”

“தேடிவிட்டேன். ஒரு இடத்திலும் இல்லை. அவர் பெயருள்ள வேறு ஒருவர்தான் அகப்பட்டார்.”

“ஒரு தப்புத்தண்டாவும் செய்யவில்லையா?”

“நான் பார்த்த ஏடுகளில் இல்லை.”

“அந்த இன்னொருவர் என்ன செய்தார்?”

சொன்னேன். ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அவருடைய மனைவி பெயரை எதற்கும் இன்னொரு முறை சரிபாருங்களேன்” என்றார்.